ரெக்கார்டு ஆகாத ஞாயிற்றுக்கிழமை

உக்காருங்க தம்பி, உக்காருங்க. இருங்க, இந்தப் பொட்டிய எடுத்து மடில வெச்சுக்கறேன். உடுமலைல ஏறுனதுல இருந்து இதுக்குன்னு ஒரு சீட்டக் குடுத்து ராசாவாட்ட கூட்டியாறேன். இதுக்கு அந்த மருவாதி ஒண்ணுதான் கேடு. மேல கம்பில வெக்கலாமுன்னா ஒயரு தொங்குது. கீழ வெக்கலாமுன்னா எவனாச்சும் மிதிச்சுப் போடுவான். அப்பறம் கம்பெனிக்காரன், "நீங்க மிதிச்சதுனாலதான் சார் கெட்டுப் போச்சு"ன்னு சொல்லிப் போடுவான். சொல்லுவானுங்க! சொல்றதுக்கு வாயா இல்ல அவனுகளுக்கு?

கோயமுத்தூருங்களா? நானும் உக்கடத்துலதான் எறங்கறேன். அங்கிருந்து டவுன் பஸ்ஸு புடிச்சு காந்திபுரம் போகோணும். இந்தப் பொட்டிக் கம்பெனியோட ஆபீசு அங்கதான் இருக்குதாம். போன்ல கேட்டுக் கேட்டு வாய் வலிச்சுப் போச்சு. இன்னைக்கு நேர்ல போயி ரெண்டுல ஒண்ணு பாக்காம திரும்பறதில்லைன்னு கெளம்பிட்டேன்.

என்ன பொட்டியா? டீவிக்கு வெக்கற பொட்டிங்க. சாதாரணப் பொட்டி இல்ல, ரெக்கார்டு ஆகற பொட்டி. நாம ஊட்டுல இல்லாட்டியும் புரோகிராமு தன்னால பதிஞ்சுக்கும், வந்து சாவகாசமாப் பாத்துக்கலாம். அப்பிடிச் சொல்லித்தான் என்ற தலைல கட்டுனானுங்க. "சார், டீவி டைமுக்கு நீங்க ஓட வேண்டாம், உங்க டைமுக்கு டீவி வரும்"னான் டை கட்டுன ஒருத்தன். எங்கிட்டயே சொல்றான் டைமப் பத்தி! நான் யாருன்னு தெரியுமுங்களா? மில்லுல டைம் ஆபீசு நாச்சிமுத்துன்னு கேட்டுப் பாருங்க. முப்பத்தோரு வருசம். ஷிப்டுக்கு ரெண்டு நிமிசம் தாமசமா வந்தா கேட்ட சாத்திருவேன். மேனேசரு மச்சானையே வெளிய நிறுத்துனவன் நான். அப்பேர்ப்பட்டவனுக்கு வந்து வாச்சுது பாருங்க, டைமுன்னா என்னன்னே தெரியாத பொட்டி.

மூணு வருசமாச்சுங்க வாங்கி. ஒரு புரோகிராமு, ஒரே ஒரு புரோகிராமு, நான் வெளிய போயிட்டு வந்து முழுசாப் பாத்தேன்னு சொல்றதுக்கு இல்ல. கிரிக்கெட்டு போட்டா கடைசி ஓவரு இருக்காது. என்ற பொண்டாட்டி துளசிமணி ஒரு சீரியலு போட்டா, கொல பண்ணுனவன் யாருன்னு சொல்லப் போற எடத்துல நின்னிருக்கும். ஒரு வாட்டி பழனிக்குப் போனோம். தைப்பூசத்தன்னைக்கு, கூட்டத்துல தேர நம்மளால பாக்க முடியாது, டீவில காட்டுவான், வந்து பாத்துக்கலாமுன்னு ரெக்கார்டு போட்டுட்டுப் போனேன். வந்து பாத்தா தேரும் இல்ல, முருகனும் இல்ல. கறுப்பாக் கெடக்குது. அன்னைக்கே இதத் தூக்கிக் கெணத்துல போட்டிருக்கோணும். போடாம உட்டதுதான் நான் பண்ணுன தப்பு.

மெக்கானிக்குங்களா? வந்தான், வந்தான். மூணு வாட்டி வந்தான். இதுலதான் இந்தப் பொட்டியோட திமிரு இருக்குது, கேளுங்க. அவன் வந்து உக்காந்தான்னு வைங்க, தங்கமா ஓடும். "இப்ப வர்ற புரோகிராமப் போடறேன் பாருங்க சார்"னு சொல்லி அமுத்துவான். ரெக்கார்டு ஆகுதுன்னு பட்டுன்னு செவப்புப் பொட்டு வரும். அரை மணி நேரம் காப்பி குடிச்சுட்டுக் காத்திருந்து போட்டுக் காட்டுவான். அச்சடிச்சாப்பல இருக்கும். "பொட்டில ஒண்ணுமில்ல சார்"னு கையெழுத்து வாங்கிட்டுப் போயிருவான். அவன் அந்தப் பக்கம் போனதும், நான் இந்தப் பக்கம் கடைக்குப் போயிட்டு வந்தா, படுத்துக்கும். நான் ஊட்டுல உக்காந்திருந்தா ஓடுது. வெளிய போனா படுத்துக்குது. ஊட்டுல உக்காந்திருந்தா நான் எதுக்குடா ரெக்கார்டு போடறேன்? நேராவே பாத்துக்க மாட்டனா?

மூணாவது வாட்டி வந்தவன் என்னையே சந்தேகப்படறான். "சார், நீங்க பொட்டியோட சுச்ச ஏதாச்சும் அமத்துறீங்களா?"ன்னான். எனக்கு வந்துது பாருங்க ஆத்தரம். "ஏப்பா, அந்தச் சுச்சுமேல என்ற வெரலு பட்டு மூணு வருசமாச்சு. வேணுமுன்னா பாரு, தூசி படிஞ்சு கெடக்குது"ன்னு காட்டினேன். நெசமா தூசி படிஞ்சு கெடந்துதுங்க. கையெழுத்த வாங்கிட்டுப் போயிட்டான்.

ஆமாங்க, சுச்ச எதுக்குத் தனியா அமத்தோணும்? வெளிய கெளம்புனா நான் மெயினையே அமத்திட்டுத்தான் பூட்டப் போடுவேன். அது இன்னைக்கு நேத்துப் பழக்கமில்ல. மில்லுல பஞ்சு குடோனு எரிஞ்சுது, தொண்ணூத்தி நாலுல. ஆரும் இல்லாத நேரத்துல ஒரு சுச்சு போர்டுல பொறி வந்து, ரெண்டு நாளு எரிஞ்சுது. கண்ணால பாத்தவன் நான். அன்னைல இருந்து ஊட்ட உட்டு எறங்கற அஞ்சு நிமிசமானாலும் மெயினு கீழ வந்துரும். துளசிமணி கத்துவா. பிரிட்ஜுல மாவு புளிச்சுப் போகுது, பாலு திரிஞ்சு போகுதும்பா. பாலு திரிஞ்சா வேற பாலு வாங்கலாம்டி, ஊடு எரிஞ்சா வேற ஊடு வாங்குவயான்னு கேப்பேன்.

என்னங்க? என்ன சொல்ல வர்றீங்க? மெயினு ஆப்பா இருந்தா பொட்டிக்கு எப்பிடிக் கரண்டு வரும்னா? அட போங்க தம்பி. நீங்களும் அவனுகளாட்டயே பேசறீங்க. பொட்டிக்குள்ள டிஸ்க்கு இருக்குதுல்லங்க? அதுலதான பதியுது? சொவத்துல மாட்டுன கடியாரம் கரண்டு போனா நின்னா போகுது? உள்ள ஒரு பேட்டரி கீட்டரி வெச்சிருப்பானுங்கல்ல இத்தன துட்டு வாங்குனவனுங்க? வெக்கலைன்னா அது அவனுக தப்பு. நான் அதுக்காக ஊட்டக் கொளுத்தோணுமா? சரி உடுங்க. நடுவுல பேசுனா எனக்கு உட்டுப் போகும்.

பழனித் தேரு போனதக்கூட நான் பொறுத்துக்கிட்டேனுங்க. அடுத்த வருசமும் தேரு ஓடும். ஆனா போன மாசம் ஒண்ணு பண்ணுச்சு பாருங்க. அதத்தான் என்னால தாங்க முடியல.

எனக்கு ஒரே பொண்ணு. கோகிலவாணின்னு பேரு. கரண்டு படிப்பு, இஞ்சினியரிங்கு. மில்லுச் சம்பளத்துல படிக்க வெச்சேன். படிச்சு முடிச்சதும் பெரிய கம்பெனில வேல. ஏசி ரூம்பு, கம்ப்யூட்டரு, வாசலுக்கே காரு வரும். மாப்பள காலேசுல வாத்தியாரு, தங்கமான மனுசன். இதுக்கு மேல என்னங்க வேணும்? ஒரு நாளு வந்து நிக்கறா. வேலைய உட்டுட்டாளாம். என்னடி பண்ணப் போறேன்னு கேட்டா, சுந்தராபுரத்துல மோட்டரு வைண்டிங் கட போடறாளாம்!

வைண்டிங் தெரியுமுங்கல்ல? எரிஞ்சு போன மோட்டரப் பிரிச்சு, காயிலு சுத்தறது. கையெல்லாம் கிரீசு, வார்னீசு நாத்தம், முட்டி போட்டு உக்காந்து கம்பி சுத்தறது. அதுக்கு என்ற பொண்ணு! "இதுக்கா புள்ள உன்னையப் படிக்க வெச்சேன்?"னேன். "இதுக்கும்தான் படிச்சேங்கப்பா"ன்னா. எனக்குக் கண்ணு செவந்து போச்சு. "அப்பன் வேணுமா, கட வேணுமா, இப்பவே சொல்லு"ன்னேன். என்ற மொகத்த நேராப் பாத்தா. "ரெண்டும் வேணுங்கப்பா"ன்னா. ஒண்ணச் சொல்லுன்னேன். பையத் தூக்கிட்டுப் போயிட்டா. அப்ப கடதான் வேணுமுன்னுதான அர்த்தம்? அதோட பேச்ச நிறுத்துனவன்தான். ரெண்டு வருசமாச்சு. அந்தக் கட வாசப்படிய நான் மிதிச்சதில்ல. துளசிமணி மாசம் ஒருக்கா போவா, வருவா. போறவளத் தடுக்கறதில்ல. அவ என்ன பேசுனா, எப்பிடி இருக்கான்னு நான் கேக்கறதுமில்ல. துளசிமணியாச் சொன்னா காதுல உழுகும், அவ்வளவுதான்.

அப்பிடி இருக்கறப்ப, போன மாசம் ஒரு வெள்ளிக்கெழம துளசிமணி சொல்றா, "ஞாயித்துக்கெழம பதனோரு மணிக்கு கோகிலா டீவில வர்றா. கடைக்கே வந்து படம் புடிச்சுட்டுப் போயிருக்காங்க. நான் சனிக்கெழமையே போயி அவங்களோட உக்காந்து பாக்கப் போறேன். நீங்களும் வாங்க"ன்னு. "அவ மூஞ்சிய டீவில வேற பாக்கோணுமா? நீ போ. நான் பாக்க மாட்டேன்"னேன். சனிக்கெழம சாயங்காலம் கெளம்பிட்டா.

நான் சொன்ன சொல்ல மீறுறவன் இல்லைங்க. பாக்க மாட்டேன்னா பாக்க மாட்டேன். ஆனா ரெக்கார்டு போடறது பாக்கறதுல சேத்தி இல்லீல்லங்க? அது பாட்டுக்குப் பதிஞ்சு கெடக்கட்டும். எப்பவாச்சும் ஒரு நாளு, ஊட்டுல ஆரும் இல்லாதப்ப, கை தவறி அமுந்துச்சுன்னா ஓடட்டும். அப்பிடித்தான் நெனச்சேன். ஞாயித்துக்கெழம காலைல எந்திரிச்சு, குளிச்சு, பத்து மணிக்கு உக்காந்து ரெக்கார்டு போட்டேன். செவப்புப் பொட்டு உழுந்துச்சா? உழுந்துச்சு. பதனொண்ணுல இருந்து பன்னண்டு, கரெக்டா? கரெக்டு. டிஸ்க்குல எடம் இருக்குதா? கெரகம், நெறைய இருக்குது. மூணு வாட்டி பாத்துட்டேன். கண்ணாடியத் தொடச்சுப் போட்டுக்கிட்டு நாலாவது வாட்டியும் பாத்தேன். எல்லாம் பாத்துட்டு, வெள்ளச் சட்டையப் போட்டுக்கிட்டு, மெயின அமத்தி, ஊட்டப் பூட்டிட்டு பேக்கரிக்குக் கெளம்பிட்டேன்.

எதுக்கா? நல்லாக் கேட்டீங்க. பதனோரு மணிக்கு நான் ஊட்டுக்குள்ள இருந்தா ஊருல என்ன சொல்லுவாங்க? 'கதவச் சாத்திக்கிட்டு மக புரோகிராமு பாக்கறாண்டா'ம்பாங்க. அதுனால நாலு பேரு பாக்கற மாதிரி பேக்கரில உக்காந்து டீ குடிக்கோணும். அதுல ஒரு தப்பு பண்ணிட்டேன். பேக்கரிலயும் ஒரு டீவி இருக்குதுங்கறத மறந்துட்டேன்.

போயி உக்காந்து டீ சொல்றேன். பேக்கரிக்கார சிவராசு, கல்லால இருந்து எந்திரிச்சு வந்து, "அண்ணா, கரெக்டா வந்துட்டீங்க. இன்னும் அஞ்சு நிமிசத்துல நம்ம கோகிலா வருது. எல்லாரும் அதுக்குத்தான் உக்காந்திருக்கறாங்க"ங்கறான். திரும்பிப் பாத்தா, பன்னெண்டு பதிமூணு பேரு டீவியப் பாத்து உக்காந்திருக்கறாங்க. மில்லுல எங்கூட வேல செஞ்சவங்க நாலு பேரு. சிவராசு ரிமோட்ட எடுத்து, "சத்தம் போதுங்களா, கூட்டட்டுங்களா?"ன்னு எங்கிட்டக் கேக்கறான். டீவில புரோகிராமு பேரு போட்டு மியூசிக்கும் ஆரம்பிச்சிருச்சு.

நான் எந்திரிச்சுட்டேன். "எனக்கு வேற சோலி இருக்குது"ன்னு சொல்லிட்டு, வந்த டீயக்கூடக் குடிக்காம எறங்கி நடந்துட்டேன். பொறத்தால சிவராசு கூப்புடறான். திரும்பவே இல்ல. எங்க போறது? ஊட்டுக்குத் திரும்பிப் போனா பாக்கறதுக்குத்தான் போறான்ம்பாங்க. நேரா வாய்க்கா மேட்டுக்குப் போயிட்டேன். ஒரு மரம் இல்ல அங்க. உச்சி வெய்யிலு. ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன். நாலஞ்சு ஆடு மேஞ்சுட்டு இருந்துது. வெய்யிலு சுட்டாலும் மனசுக்குள்ள ஒரு நெறவுங்க. அங்க பதிஞ்சுட்டு இருக்குது, அங்க பதிஞ்சுட்டு இருக்குதுன்னு. வாட்சப் பாக்கறேன், பதனொண்ணே கால். இந்நேரம் பேச ஆரம்பிச்சிருப்பா. பதனொண்ணே முக்கால். இந்நேரம் கடையக் காட்டுவாங்க. ஒவ்வொண்ணும் உள்ள போயிட்டு இருக்குது, பத்திரமா இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டு வெய்யில்ல உக்காந்திருக்கறேன் மடையனாட்ட.

பன்னண்டு அடிச்சு அஞ்சு நிமிசம் உட்டுட்டு வந்தேன். பூட்டத் தொறந்து, மெயினப் போட்டு, டீவியப் போட்டா... ஒண்ணுமில்ல. பொட்டு போட்ட எடத்துல ஒரு பெருக்கல் குறி. 'ரெக்கார்டிங் ஆகவில்லை'ன்னு ஒரு வரி. அவ்வளவுதான். அப்பிடியே தரைல உக்காந்துட்டேன்.

அடுத்த நிமிசமே போனு போட்டேன் கம்பெனிக்கு. தமிழுக்கு ஒண்ண அமுத்துங்க. புகாருக்கு மூண அமுத்துங்க. அமுத்தி அமுத்தி, கடைசில ஒரு புள்ள வந்து, "உங்க செட் டாப் பாக்ஸ ஒரு முறை ஆஃப் செய்து ஆன் செய்யுங்க சார்"ங்குது. "ஏம் புள்ள, ஆப் பண்ணி ஆன் பண்ணுனா போன புரோகிராமு திரும்பி வருமா?"ன்னேன். "வேறு ஏதாவது உதவி வேணுமா சார்?"ங்குது. இதுக வாயில என்னத்தப் போடறது, சொல்லுங்க?

அதோட முடிஞ்சுதா? அதுதான் இல்ல. திங்கக்கெழம சவரம் பண்ணப் போறேன். கத்திய வெச்சுட்டே சலூன்காரன் சொல்றான், "கோகிலா என்னமாப் பேசுச்சுங்க. அதும் உங்களப் பத்திப் பேசுச்சு பாருங்க..."ன்னு இழுத்துட்டுச் சிரிக்கறான். கழுத்துல கத்தி. நான் என்னத்தக் கேக்கறது? பால்காரரு பாத்துச் சிரிக்கறாரு. மில்லுக்காரன் ஒருத்தன் தோள்ல தட்டி, "நாச்சிமுத்தண்ணா, நீங்க பெரிய ஆளுங்க"ன்னுட்டுப் போறான். பெரிய ஆளுன்னா? நக்கலா? மெய்யாலுமா? என்ன சொன்னான்னு ஒருத்தன்கிட்டக் கேக்க முடியுமா? 'அப்ப நீங்க பாக்கலியா? ரெண்டு வருசமாப் பேசாதவரு இப்ப எதுக்குக் கேக்கறீங்க?'ன்னு நாக்கப் புடுங்கற மாதிரி திருப்பிக் கேப்பான்.

என்னையத் திட்டியிருப்பாளோன்னு ஒரு பயமுங்க. சொல்றதுக்கென்ன. எங்கப்பன் இப்பிடிப் பண்ணுனாருன்னு உலகத்துக்கே சொல்லியிருப்பாளோ? அதக் கேட்டுத்தான் இவனுக சிரிக்கறானுகளோ?

துளசிமணி செவ்வாக்கெழம வந்தா. ரெண்டு நாளு பொறுத்துப் பாத்தேன். மூணாவது நாளு, சும்மா கேக்கற மாதிரி, "என்னமோ பேசுனாளாமே"ன்னேன். "ஆமா, பேசுனா"ன்னா. "என்ன பேசுனாளாம்?" "நான் எதுக்குச் சொல்லோணும்? நீங்கதான் மூஞ்சியப் பாக்க மாட்டேன்னீங்களே"ன்னுட்டு மாவாட்டப் போயிட்டா. முப்பத்திமூணு வருசம் குடும்பம் நடத்துனவ சொல்ற பதிலா இது? அவகிட்டத் தொடற போனு இருக்குது. அதுல புரோகிராமு இருக்குது போல. தெனமும் அடுப்படில போட்டுப் போட்டுக் கேக்கறா. நான் தண்ணி குடிக்கற சாக்குல உள்ள போனா பட்டுன்னு அமத்திருவா. ஒரு நாளு மட்டும், "எங்கப்பா..."ன்னு ஒரே ஒரு வார்த்த காதுல உழுந்துச்சு. அவ கொரலு. ரெண்டு வருசத்துக்கு அப்பறம். அதுக்குள்ள அமத்திட்டா.

அதுக்குத்தான் இந்தப் பொட்டியத் தூக்கிட்டுப் போறேன். பதியாம எங்க போகும்? உள்ள எங்கியோ ஒரு மூலைல பதிஞ்சிருக்கும், இது காட்ட மாட்டேங்குது. பிரிச்சு எடுத்துக் குடுங்கடா எனக்கு. புதுப் பொட்டி வேண்டாம், மன்னிப்பு வேண்டாம். அந்த ஒரு மணி நேரத்த எடுத்துக் குடுங்க. இல்லைன்னா ஆபீசு வாசல்லயே உக்காந்துக்கறேன்.

என்னங்க? அந்தப் புரோகிராமு நெட்டுல இருக்குதா? உங்க செல்லுலயா? போட்டுத் தர்றீங்களா?

வேண்டாமுங்க. நான் என்ன பிச்சைக்கா வந்திருக்கறேன்? என்ற ஊட்டுல, என்ற பொட்டில, நான் பொட்டு போட்ட புரோகிராமு. அதுலதான் பாக்கோணும். எங்கிட்ட இருக்கறது பட்டன் போனு, அதுவே போதும் எனக்கு. ஊருல எவன்கிட்டயாச்சும் கேட்டிருந்தா நான் எப்பவோ பாத்திருக்க மாட்டனா? கேக்கறவன் நான் இல்ல.

எந்த ஊருங்க இது, கெணத்துக்கடவு தாண்டிருச்சா? காத்து நல்லா வருது.

...அது எவ்வளவு நேரமுங்க, அந்தப் புரோகிராமு? அவ பேசறது மட்டும் தனியா இருக்குதா? எட்டு நிமிசம்தானா? உங்களுக்கு செல்லுல சார்ஜு கெடக்குதுங்களா? இல்ல, கேட்டேன். நீங்க உடுமலைக்காரரு இல்லீல்ல? சரி. அப்ப போடுங்க. சத்தத்தக் கொறச்சு வைங்க. முன்னால இருக்கறவங்க திரும்பறாங்க.

அவதாங்க. அவதான். எளச்சுட்டா. பாருங்க, நெத்தில கிரீசு. தொடச்சுட்டுப் பேசறதுக்கென்ன, டீவிக்காரங்க முன்னால? கட பெருசாத்தான் இருக்குது. வரிசையா எத்தன மோட்டரு! அத்தனையும் இவ கட்டுனதா? கூட ரெண்டு பொம்பளைங்க வேல செய்யறாங்க போல. இருங்க, மைக்கு புடிச்சிருக்கற டீவிக்காரப் புள்ள என்னமோ கேக்குது. மொத கஸ்டமரு யாருன்னு கேக்குது.

"மொத கஸ்டமருங்களா? கட தொறந்து பதினேழு நாளு ஒரு மோட்டரும் வரலீங்க. வாசல் வரைக்கும் வருவாங்க, பொம்பள உக்காந்திருக்கறதப் பாத்துட்டு அப்பிடியே போயிருவாங்க. அம்மாவுக்குப் போனு போட்டு அழுதேன். பதினெட்டாவது நாளு ஒரு பிளம்பரு, உடுமலைல இருந்து பஸ்ஸுல ஒரு மோட்டரத் தூக்கிட்டு வந்தாரு. சின்ன மோட்டரு, ஒரு எச்.பி. உடுமலைல இல்லாத வைண்டிங் கடைங்களா? எனக்கு அப்பவே ஒரு மாதிரி இருந்துது."

நிறுத்துங்க. ஒரு நிமிசம் நிறுத்துங்க தம்பி. ...இல்ல, ஒண்ணுமில்ல. ஓடட்டும்.

"பிரிச்சுப் பாத்தா காயிலு எரியவே இல்லீங்க. பேரிங்கு நல்லாருக்குது. எல்லாமே நல்லாருக்குது. அடிப்பக்கம் திருப்பிப் பாத்தேன். எங்க ஊட்டு கேட்டுக்கு அடிச்ச பச்சப் பெயிண்டு சிந்தி ஒட்டியிருக்குது. எங்க ஊட்டு மோட்டருங்க அது. நல்லா ஓடிட்டிருந்ததக் கழட்டிக் குடுத்து உட்டிருக்காரு எங்கப்பா. எங்கூடப் பேச மாட்டாருங்க. கட வேண்டாமுன்னு கோவம். அந்த மோட்டர வாசல்ல வெச்சு நான் வேல செய்யறதப் பாத்துட்டுத்தான் அடுத்த ஆளு உள்ள வந்தாரு. அந்த வருசத்துல அதே மோட்டரு இன்னும் ரெண்டு வாட்டி வந்துது. வேற வேற பேருல. நானும் ஒவ்வொரு வாட்டியும் தொடச்சு, வார்னீசு அடிச்சு, பில்லு போட்டு அனுப்புவேன்."

சிரிக்கறா பாருங்க. சிரிக்கறா.

"அப்பா இப்பப் பாத்துட்டிருக்க மாட்டாருங்க. எனக்குத் தெரியும். ஆனா எப்பிடியாச்சும் பாத்துருவாரு. அப்பா, மோட்டரு நல்லாருக்குதுங்கப்பா. இனி அதக் கழட்டாதீங்க. சும்மாவே வாங்க."

போதுங்க. அமத்திருங்க.

பொய்யுங்க தம்பி. சத்தம் வந்துதுங்க அந்த மோட்டர்ல. உள்ள ர்ர்ர்ருன்னு ஒரு சத்தம். எனக்குத்தான தெரியும்? மூணு வாட்டியும் வந்துது. உடுமலைல இருக்கறவனுக சரியாக் கட்ட மாட்டானுக, அதுனாலதான் குடுத்து உட்டேன். வேற என்ன? அந்தப் பிளம்பரு மயில்சாமிகிட்டப் படிச்சுப் படிச்சுச் சொன்னேன், வாயத் தொறக்காத, ஊரு பேரு சொல்லாதன்னு. உடுமலைன்னு உளறிட்டு வந்திருக்கறான் பாருங்க, பிளம்பரு நாயி. மோட்டரு இல்லாம ஒவ்வொரு வாட்டியும் நாலு நாளு, அஞ்சு நாளு, தெருக் கொழாயில இருந்து கொடத்துல தண்ணி சொமந்தேன் தெரியுமுங்களா? முதுகு புடிச்சுக்கிச்சு. துளசிமணி, "என்ன மோட்டருங்க இது, வருசத்துக்கு மூணு வாட்டி எரியுது"ன்னு கத்துனா. அப்ப அவளுக்குக்கூடத் தெரியாது. இப்ப ஊரு ஒலகத்துக்கே தெரிஞ்சு போச்சு! பேக்கரில பதிமூணு பேரு உக்காந்து கேட்டிருக்கறானுக. கத்திய வெச்சுட்டுச் சிரிச்சான்ல, இதுக்குத்தான்!

தண்ணி குடுங்க கொஞ்சம்.

குடிக்க இல்ல, கண்ணுல தூசி உழுந்திருச்சு. சன்னல் தொறந்து கெடக்குதுல்ல.

அதில்லீங்க. எனக்கு என்ன ஆத்தரம்னா, அவளுக்கு மொத நாளே தெரிஞ்சிருக்குது! பச்சப் பெயிண்டப் பாத்ததும் தெரிஞ்சிருக்குது! தெரிஞ்சுக்கிட்டே ரெண்டு வருசம் கம்முன்னு இருந்திருக்கறா. ஒரு போனு பண்ணி, 'அப்பா, மோட்டரு வந்துது'ன்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டாளா? டீவிக்காரன் வந்து கேட்டாத்தான் சொல்லுவாளா? அப்பனுக்குச் சொல்றத ஊருக்கெல்லாம் சொல்லி, அப்பன மட்டும் வாய்க்கா மேட்டுல வெய்யில்ல உக்கார வெச்சுட்டாளே! பிடிவாதம் பாருங்க. எங்கிருந்துதான் வந்துதோ அந்தப் பிடிவாதம், தெரியல. அவங்கம்மா வழில வந்திருக்கும்.

இது என்ன ஸ்டாப்புங்க? சுந்தராபுரமா? கண்டக்டர்! இருங்க, இருங்க! ஒரு ஆளு எறங்கோணும்! கொஞ்சம் நகருங்க தம்பி.

காந்திபுரம் நாளைக்குப் போய்க்கறேன். கம்பெனி எங்கயும் ஓடிப் போயிராது. இவகிட்ட ஒரு வார்த்த கேக்காம எனக்கு ஆறாது. எதுக்குடி ஊரறிய என்ற மானத்த வாங்குனேன்னு மூஞ்சிக்கு நேராக் கேக்கோணும். சண்ட போடத்தான் போறேன், வேற ஒண்ணுமில்ல.

சும்மாவே வாங்கன்னு அவ சொன்னாளேங்கறீங்களா? ரெண்டு வருசம் கழிச்சு சும்மா எப்பிடிங்க போயி வாசல்ல நிக்கறது? கையில பொட்டி இருக்குதுல்ல. ரிப்பேருன்னு சொல்லிக்கறேன்.